இடது கையில் காயம்

தமிழ்நாட்டு சப்-இன்ஸ்பெக்டர்களின் இடது கையைப் பற்றி ஏதாவது ஒரு மருத்துவக் கல்லூரி உடனே ஆராய்ச்சி தொடங்க வேண்டும். ரவுடி எத்தனை பெரிய ஆளாக இருந்தாலும், எட்டுக் கொலை செய்தவனாகவே இருந்தாலும், அவன் வீசுகிற அரிவாள் அந்தக் கையில்தான் போய் விழுகிறது. கழுத்தில் விழுவதில்லை. வலது கையில் விழவே விழாது. வலது கையில் துப்பாக்கி இருக்கிறது, தற்காப்புக்கு அது வேண்டும். பிறகு அறிக்கையில் கையெழுத்துப் போடவும் அதே கைதான் வேண்டும். விடியற்காலை மூன்றரை மணி இருட்டில், சாவதற்கு அரை நொடி முன்னால், கூலிப்படைத் தலைவன் இத்தனையும் யோசித்து, கட்டுப் போடுகிற அளவுக்கு மட்டும், பெரியாஸ்பத்திரிக்கு உயர் அதிகாரி வந்து நலம் விசாரித்துப் போட்டோ எடுத்துக்கொள்கிற அளவுக்கு மட்டும் வெட்டிவிட்டுச் செத்துப்போகிறான். இவ்வளவு பொறுப்பான குற்றவாளிகள் வேறு எந்த ஊரிலும் கிடைக்க மாட்டார்கள்.

மறுநாள் காலையில் இதைப் பேப்பரில் படிக்கிறோம். யாருக்கும் சிரிப்பு வருவதில்லை. எழுதியவருக்கும் வந்திருக்காது. அவர் எழுதவே இல்லையே, நிரப்பினார். செய்தி அறைகளில் இதற்கென்று ஒரு அச்சு இருக்கிறது. பிரபல ரவுடி, அடைப்புக்குறிக்குள் வயது. இவர் மீது இத்தனை கொலை வழக்குகள் உள்பட இத்தனை வழக்குகள் நிலுவையில் உள்ளன. பதுக்கி வைத்திருந்த ஆயுதத்தைக் கைப்பற்ற போலீசார் இவரை இன்று அதிகாலை இன்ன இடத்துக்கு அழைத்துச் சென்றனர். அப்போது புதரில் மறைத்து வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கியை எடுத்து (அல்லது அரிவாளை எடுத்து, அல்லது போலீசாரைத் தள்ளிவிட்டு) தப்ப முயன்றார். சரணடையும்படி எச்சரித்தும் கேட்கவில்லை. தற்காப்புக்காகச் சுட்டதில் மார்பில் குண்டு பாய்ந்தது. மருத்துவமனைக்குக் கொண்டு செல்லும் வழியில் இறந்தார். பெயர், வயது, ஊர், வழக்கு எண்ணிக்கை நான்கையும் மாற்றினால் செய்தி தயார். ஏழு நிமிட வேலை. காலியாக இருக்கிற இடத்தில் எந்த உயிரைப் போட்டாலும் பொருந்தும்.

புதரில் கிடந்த துப்பாக்கியில் தோட்டா எப்படி நிரப்பியே இருந்தது? ஆயுதம் எடுக்க விடிகாலை மூன்றரை மணிக்கு ஏன் போனார்கள்? சுற்றிலும் ஆயுதம் தாங்கிய பத்துப் பேர் நிற்க, தனி ஆள் எந்தப் பக்கம் ஓடுவான்? பத்தாம் வகுப்புப் பையனுக்குத் தோன்றுகிற கேள்விகள் இவை. குற்றச் செய்திப் பிரிவில் இருபது வருடம் உட்கார்ந்தவர்களுக்குத் தோன்றுவதில்லை. தோன்றினால் அடுத்த நாள் வாட்ஸ்அப் குழுவில் பிரஸ் நோட் வராது.

இந்தச் செய்தியில் பேசுகிறவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். ஒரே ஒருவர்: சுட்டவர். லாரியும் பஸ்ஸும் மோதினால் இரண்டு டிரைவர்களையும் கேட்கிறோம். வாய்க்கால் தகராறு என்றால் இரண்டு கரைக்காரனையும் கேட்கிறோம். துப்பாக்கி வெடித்தால் மட்டும், சுட்டவர் சொன்னது அப்படியே மேற்கோள் குறி கூட இல்லாமல் நம்முடைய வாக்கியமாகிவிடுகிறது. செத்தவனின் தாய்க்கும் இடம் உண்டு, இல்லையென்று சொல்ல முடியாது. பிணவறை வாசலில் தலைவிரிகோலமாக அழுகிற படம் நான்கு பத்திக்கு. அவள் என்ன சொல்லி அழுதாள் என்பதற்கு ஒரு வரி கிடையாது. “கதறல்” என்று தலைப்புப் போட்டாகிவிட்டது, போதும்.

2024 ஜூலை 5-ஆம் தேதி பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் சென்னை பெரம்பூரில் வெட்டிக் கொல்லப்பட்டார். மூன்று நாளில் கமிஷனர் மாற்றப்பட்டார். புதிதாக வந்தவர், ரவுடிகளுக்கு அவர்களுக்குப் புரிகிற மொழியில் சொல்லப்படும் என்று பதவியேற்ற அன்றே அறிவித்தார். பிரேக்கிங் நியூஸ், அதிரடி, சிங்கம் பின்னணி இசை, எல்லாம் ஓடியது. 14-ஆம் தேதி விடிகாலை, அந்தக் கொலை வழக்கில் சரணடைந்து போலீஸ் காவலில் இருந்த ஒருவர் மாதவரம் பக்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். அன்று போலீஸ் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். இருக்கலாம் என்பதற்கு மேல் ஒரு அங்குலம்கூட நம்மை நகர்த்த மறுநாள் பேப்பரில் எதுவும் இல்லை என்பதுதான் என் கோபம். அது என்ன மொழி, யாருக்குப் புரியும் என்று விளக்கம் கேட்டது மாநில மனித உரிமை ஆணையம். கேட்டிருக்க வேண்டியவர்கள் மைக்கை நீட்டிக்கொண்டு அன்றைக்கு எதிரில் நின்றவர்கள். அவர்கள் கையில் மைக் இருந்ததே பதிலைப் பிடிப்பதற்கு மட்டும்தான் போலிருக்கிறது.

கேட்க வேண்டியது என்னவென்று தெரியாது என்றும் சொல்ல முடியாது. 2014 செப்டம்பர் 23-ஆம் தேதி மக்கள் சிவில் உரிமைக் கழகம் (பி.யு.சி.எல்.) தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 16 விதிகள் போட்டது. என்கவுன்டர் நடந்தால் எஃப்.ஐ.ஆர். பதிய வேண்டும். சி.ஐ.டி. அல்லது வேறு ஸ்டேஷன் போலீஸ் விசாரிக்க வேண்டும். மாஜிஸ்திரேட் விசாரணை கட்டாயம். செத்தவரின் உறவினருக்குத் தகவல் சொல்ல வேண்டும். சுட்டவருக்கு வீரப் பதக்கமோ அவசரப் பதவி உயர்வோ, வீரம் சந்தேகமின்றி உறுதியாகும் வரை கூடாது. இதில் நாலு விதியைக் கேள்வியாக மாற்றி பிரஸ் மீட்டில் கேட்டால் செய்தியாளர் வேலை முடிந்தது. நம் ஊரில் அதே நாள் மாலைக்குள் ‘பொதுமக்கள் பாராட்டு’ வந்துவிடுகிறது. அந்தப் பொதுமக்கள் யார், எத்தனை பேர் என்று போடுவதில்லை.

நமக்குக் கேட்கத் தெரியாது என்று நினைத்திருந்தால் நானும் இரக்கப்பட்டு விட்டிருப்பேன். ஆனால் 2015 ஏப்ரல் 7-ஆம் தேதியை மறக்க முடியவில்லையே. திருப்பதி பக்கம் சேஷாசலம் காட்டில் ஆந்திராவின் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை 20 பேரைச் சுட்டுக் கொன்றது. இரண்டு இடங்களில், 9 பேரும் 11 பேருமாக. எல்லாரும் திருவண்ணாமலை, தர்மபுரி, சேலம் பக்கத்துக் கூலியாட்கள். ஜவ்வாது மலைக்காரர்களும் இருந்தார்கள். நூறு பேர் கோடாலியும் கல்லுமாகத் தாக்க வந்தார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது ஆந்திர போலீஸ். அங்கே சில சேனல்களில் “கடத்தல்காரர்கள்” என்று ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் கூலிக்கு மரம் வெட்டப் போனவன் கடத்தல்காரன். அந்த மரத்தைக் கப்பலேற்றி அனுப்பினவன் தொழிலதிபர். அவன் பெயரை அன்றும் கேட்கவில்லை, இன்றும் கேட்கவில்லை.

அந்த வாரம் நம் பத்திரிகைகளுக்குத் திடீரென்று தடயவியல் தெரிந்துவிட்டது. சடலங்களுக்குப் பக்கத்தில் கிடந்த கட்டைகளில் பழைய பெயின்ட் அடையாளம் எப்படி வந்தது என்று கேட்டார்கள். முந்தின நாளே பஸ்ஸிலிருந்து இறக்கிக் கூட்டிப்போனார்கள் என்று சொன்ன சாட்சிகளைத் தேடிப்பிடித்தார்கள். காலில் சுடாமல் மார்பில் ஏன் சுட்டீர்கள் என்று கேட்டார்கள். போலீசில் ஒருவருக்கும் ஏன் பெரிய காயம் இல்லை என்று கேட்டார்கள். செத்தவர்களின் வீட்டுக்கு மலையேறிப் போய் உட்கார்ந்து, பிள்ளைகளின் பெயர் கேட்டு, அரிசிப் பானையை எட்டிப் பார்த்து எழுதினார்கள். ஒவ்வொன்றும் அருமையான கேள்வி. ஒவ்வொன்றும் அருமையான வேலை. ஆக, எல்லாம் தெரியும். சுட்டது பக்கத்து மாநில போலீசாக இருந்தால் தெரியும்! ஆரம்பாக்கம் செக்போஸ்ட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்ததும் மறந்துபோகும்.

மூன்று வருடம் கழித்து, 2018 மே 22. ஸ்டெர்லைட் தாமிர ஆலைக்கு எதிராகத் தூத்துக்குடி மக்கள் நடத்திய போராட்டத்தின் நூறாவது நாள். கலெக்டர் அலுவலகம் நோக்கி ஊர்வலமாகப் போனார்கள். அன்றும் மறுநாளுமாக போலீஸ் சுட்டதில் 13 பேர் செத்தார்கள்.

கேமராக்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன். மஞ்சள் டீ-ஷர்ட் போட்ட ஒரு ஆள், போலீஸ் வேன் மீது ஏறிப் படுத்துத் துப்பாக்கியால் குறி பார்க்கிற காட்சியை நாடு பார்த்ததே அவர்களால்தான். ஒருத்தனாவது சாகணும் என்று ஒரு குரல் பின்னால் கேட்பதும் அவர்கள் கொடுத்ததுதான். மறுநாள் குண்டடிபட்டுத் தரையில் கிடந்த இளைஞரிடம் லத்தியோடு நின்றவர்கள் நடிக்காதே என்று சொன்னதும் வீடியோவாக வந்தது. வெயிலில் நின்று, கல்லுக்கும் கண்ணீர்ப்புகைக்கும் நடுவே எடுத்துக் கொடுத்தார்கள். ஏசி அறையில் இருந்தவர்கள் அதை வாங்கி, கீழே ‘போராட்டத்தில் வன்முறை’ என்று பட்டை ஓட்டினார்கள். எரிந்த வாகனங்கள் எத்தனை என்ற கணக்கு மாலைக்குள் துல்லியமாக வந்துவிட்டது. வேனின் மேல் இருந்தவர் யார், எந்தப் பிரிவு, சாதாரண உடையில் ஏன் இருந்தார் என்பதெல்லாம் அவ்வளவு அவசரமாகத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமாகப் படவில்லை. கார் எரிந்தால் அதை யாரோ எரித்திருக்க வேண்டும்; எரித்தவன் சமூக விரோதி. ஆள் செத்தால் அப்படியில்லை. துப்பாக்கிச் சூடு ‘நடந்தது’. மழை பெய்கிற மாதிரி, கரன்ட் போகிற மாதிரி.

சுட உத்தரவு கொடுத்தது யார் என்று ஊரே கேட்டது. எஃப்.ஐ.ஆரைப் பார்த்தால் துணை தாசில்தார்கள். ஒரு ஐ.ஜி., ஒரு டி.ஐ.ஜி., எஸ்.பி.க்கள் எல்லாரும் பொறுப்பில் இருந்த ஊரில், கலெக்டர் கோவில்பட்டியில் இருந்துகொள்ள, உயிரெடுக்கிற உத்தரவில் கையெழுத்துப் போடுகிற பாக்கியம் பட்டா மாறுதலுக்கு நாம் போய் நிற்கிற மேஜைக்குக் கிடைத்தது. இதைவிட நல்ல நகைச்சுவைக் காட்சி எந்த சினிமாவிலும் வந்ததில்லை. பிரைம் டைமில் அதைக் காட்டியிருக்கலாம். அந்த நேரத்தில் விவாதத் தலைப்பு: போராட்டத்தில் ஊடுருவியது யார்?

அதற்கு விடையும் சீக்கிரமே விமானத்தில் வந்து இறங்கியது. மே 30-ஆம் தேதி தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்குப் போன ரஜினிகாந்த், சமூக விரோதிகள் புகுந்துவிட்டார்கள் என்றார். எதற்கெடுத்தாலும் போராட்டம் என்றால் தமிழ்நாடு சுடுகாடாகிவிடும் என்றார். சுடுகாட்டுக்குப் போய்ச் சேர்ந்தவர்கள் போராடியவர்கள்தான் என்பதை யாராவது எடுத்துச் சொல்லியிருக்கலாம். குண்டடிபட்டவர்கள் கட்டிலில் கிடந்தார்கள். வந்தவர் வாயில் செய்தி கிடைத்தது. கட்டிலில் படுத்திருந்த ஒரு பையன் மட்டும் யார் நீங்கள் என்று அவரையே கேட்டான். அந்த வாரம் கேட்கப்பட்ட ஒரே உருப்படியான கேள்வி அது. கேட்டவன் செய்தியாளன் அல்ல. (2024-ல் ‘வேட்டையன்’ படத்தில் அதே ரஜினி, அப்பாவியைச் சுட்டுவிட்டு மனம் மாறுகிற என்கவுன்டர் அதிகாரியாக வந்தார். டிக்கெட் வாங்கியவர்களுக்கு மட்டும் மனம் மாறிக் காட்டினார்.)

முதல்வர் எடப்பாடி பழனிசாமி ஒரு படி மேலே போனார். போலீஸ் துறையைத் தன் கையிலேயே வைத்திருந்த அவர், துப்பாக்கிச் சூட்டை டிவி பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்றார். நம் சேனல்களுக்கு இதைவிடப் பெரிய விருது கிடைக்காது. உளவுத்துறை ஒரு பக்கம், டி.ஜி.பி. ஒரு பக்கம், தலைமைச் செயலாளர் ஒரு பக்கம் இருக்க, ஆட்சி நடத்தியதே பிரேக்கிங் நியூஸ்தான் என்று முதல்வரே சான்று கொடுத்தால் யாருக்குத்தான் பெருமையாக இருக்காது? அதனால்தானோ என்னவோ, அப்படியானால் உங்களுக்குச் சம்பளம் எதற்கு என்று எதிரில் மைக்கோடு நின்றவர்கள் கேட்கவில்லை. துப்பாக்கிச் சூட்டை விசாரித்த அருணா ஜெகதீசன் ஆணையம்தான் பிற்பாடு சொன்னது: அவர் சொன்னது தவறு, மூன்று பேரும் நிமிடத்துக்கு நிமிடம் அவருக்குத் தகவல் சொல்லிக்கொண்டே இருந்தார்கள் என்று.

பிரேதப் பரிசோதனையில் என்ன இருந்தது என்பதைத் தமிழ்நாடு தெரிந்துகொண்டது 2018 டிசம்பரில், ராய்ட்டர்ஸ் என்ற வெளிநாட்டு நிறுவனம் அந்த அறிக்கைகளைப் படித்து எழுதிய பிறகு. 12 பேருக்குத் தலையிலோ மார்பிலோ குண்டு. அவர்களில் பாதிப் பேருக்குப் பின்னாலிருந்து. செத்தவர்களில் மிகச் சின்னவள் 17 வயதுப் பெண். பின்தலையில் நுழைந்த குண்டு வாய் வழியாக வெளியே வந்திருக்கிறது. முதுகைக் காட்டி ஓடுகிற பெண்ணிடமிருந்து தற்காத்துக்கொள்வது எப்படி என்று எந்த போலீஸ் பயிற்சிப் பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறார்கள்? பாளையங்கோட்டையிலும் மதுரையிலும் நமக்கு நிருபர்கள் இல்லையா? அரசு ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரையும் தெரியாதா? நடிகையின் விவாகரத்து மனுவை நீதிபதி படிப்பதற்கு முன்னால் படித்துவிடுகிற ஆட்கள் நாம். ஏழு மாதம் கையைக் கட்டிக்கொண்டு இருந்தோம்.

ஆணைய அறிக்கையை 2022 ஆகஸ்டிலேயே ஃபிரன்ட்லைன் இதழ் வெளியிட்டது. அக்டோபரில் சட்டமன்றத்தில் வைத்தார்கள். கூட்டம் கலைந்து ஓடும்போது சுட்டிருக்கிறார்கள், கலெக்டர் அலுவலகப் பூங்காவில் மறைந்து நின்று சுட்டிருக்கிறார்கள் என்று அது சொல்கிறது. ஒரே போலீஸ்காரர் நான்கு இடங்களில் 17 ரவுண்டு சுட்டதாகச் சொல்கிறது. 17 போலீசார் மீதும் கலெக்டர் மீதும் நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைக்கிறது. 2018-ல் ‘ஊடுருவியது யார்’ என்று எத்தனை இரவு விவாதித்தார்களோ, அதில் பாதி இரவையாவது இதற்கு ஒதுக்கியிருக்க வேண்டாமா? பொய்க்கு நேரலை, உண்மைக்கு ஒரு நாள் செய்தி. இதில் கட்சி பேதமும் கிடையாது. அன்றைக்கு எதிர்க்கட்சியாக இருந்து துடித்தவர்கள் ஆட்சிக்கு வந்ததும் விடிகாலை என்கவுன்டரை விளக்கினார்கள். அன்று விளக்கியவர்கள் எதிர்க்கட்சியானதும் துடித்தார்கள். வசனத்தை மாற்றிக்கொண்டார்கள், சேனல்காரர்கள் நாற்காலியைக்கூட மாற்றவில்லை.

சுட்டவன் யார் என்பதைப் பொறுத்து நமக்கு மருத்துவ ஞானமும் வந்துவிடும். 2023 ஜூலை 31-ஆம் தேதி ஜெய்ப்பூர்-மும்பை எக்ஸ்பிரஸில் ஒரு ரயில்வே பாதுகாப்புப் படைக் காவலர் தன் மேலதிகாரியையும், பிறகு பெட்டி பெட்டியாக நடந்துபோய் மூன்று முஸ்லிம் பயணிகளையும் சுட்டுக் கொன்றார். துப்பாக்கிக் குழல் ஆறுவதற்குள் மனநிலை சரியில்லாதவர் என்று செய்தி ஓடியது. சேஷாசலத்தில் செத்த இருபது பேரில் ஒருவருக்கும் இந்தச் சலுகை கிடைக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். சடலத்தின் பக்கத்தில் துப்பாக்கியோடு நின்று அந்தக் காவலர் பேசிய வீடியோ பிறகு வந்தது. இவர்கள் பாகிஸ்தானிலிருந்து இயக்கப்படுகிறவர்கள், மீடியா இதைத்தானே காட்டுகிறது என்று சொல்லிவிட்டு, மோடிக்கும் யோகிக்கும் ஓட்டுப் போடச் சொல்கிறார். கொலைகாரரே மூலத்தைச் சொல்லிவிட்டார். ‘போலீஸ் வட்டாரங்கள் தெரிவித்தன’ என்று காலமெல்லாம் எழுதியவர்கள், தங்களையே வட்டாரமாகக் காட்டிய இந்த ஒரு மேற்கோளை மட்டும் எவ்வளவு சுருக்கமாகக் கடந்துபோனார்கள் தெரியுமா? மருத்துவ ஞானம் அங்கே கைகொடுத்தது. பைத்தியம் சொல்வதையெல்லாமா எழுத முடியும்?

ஹைதராபாத்தில் போலீசார் மீது பூவே தூவினார்கள். கால்நடைப் பெண் மருத்துவர் ஒருவரைக் கூட்டாகச் சீரழித்து எரித்துக் கொன்ற கொடுமைக்குப் பிறகு, பிடிபட்ட நான்கு பேரை 2019 டிசம்பர் 6 விடிகாலையில் போலீஸ் சுட்டுக் கொன்றது. நாடு முழுக்க ஸ்டுடியோக்களில் தீபாவளி. நீதி கிடைத்தது என்று சொல்லாத செய்தி வாசிப்பாளர் தேசத் துரோகி ஆகிவிடுவார் போலிருந்தது. உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையத்தின் அறிக்கை 2022 மே மாதம் வெளிவந்தது: சாகடிக்கும் நோக்கத்தோடு வேண்டுமென்றே சுட்டிருக்கிறார்கள், 10 போலீசார் மீது கொலை வழக்கு நடத்த வேண்டும், செத்த நால்வரில் மூன்று பேர் மைனர்கள். அவர்கள்தான் குற்றவாளிகளா என்பதை இனி எந்த நீதிமன்றமும் சொல்ல முடியாது. அந்த மருத்துவரின் குடும்பத்துக்குக் கிடைத்திருக்க வேண்டிய விசாரணையையும் சேர்த்துத்தான் சுட்டார்கள். பூ தூவிய காட்சி இன்றும் யூடியூபில் கிடைக்கிறது, பின்னணி இசையோடு.

ஆசிரியர்களிடம் கேட்டால் வாசகர்கள் இதைத்தான் விரும்புகிறார்கள் என்பார்கள். அந்தப் பழியை ஏன் சுமக்கிறீர்கள்? அடுத்த முறை ‘தற்காப்புக்காகச் சுட்டனர்’ என்ற செய்தியைப் படித்தால், பேப்பரைத் திருப்பிப் போடுங்கள். கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் வெளியிடுபவர் பெயரும் ஆசிரியர் பெயரும் அச்சிடும் இடமும் இருக்கும்; சட்டப்படி போட்டே ஆக வேண்டும். போனிலோ கடிதத்திலோ மூன்றே கேள்வி கேளுங்கள். செத்தவர் வீட்டில் யாரிடம் பேசினீர்கள்? மாஜிஸ்திரேட் விசாரணை எந்தத் தேதியில் தொடங்குகிறது? அதன் முடிவை எந்தப் பக்கத்தில் போடுவீர்கள்? பதில் வராவிட்டால் மறு மாதமும் கேளுங்கள். காசு கொடுத்து வாங்குகிற பேப்பர்தானே, கேட்கலாம்.